மூன்றரை முதல் ஒன்பது அங்குலம் வரை

அமெரிக்க மத்திய அரசு எதையெல்லாம் டெண்டர் விட்டு வாங்குகிறது என்று பார்க்க ஆசையிருந்தால் சாம் டாட் கவ் என்ற தளத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கலாம். பொழுது போவதே தெரியாது. முன்பு ஃபெட்பிஸ்ஆப்ஸ் என்று தனியாக இருந்த அறிவிப்புகள் 2019 நவம்பரில் இந்தக் குடையின் கீழ் வந்துவிட்டன. ஏவுகணை உதிரிபாகம், சிறைச்சாலைக்கு ரொட்டி, போர்வீரர் கல்லறைகளில் புல் வெட்டுவது, ஏதோ ஒரு ஏரியில் மீன் கணக்கெடுப்பது எல்லாம் ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து வரும். அந்த வரிசையில் சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படியும் ஒன்று தட்டுப்படும்: ராணுவத் தளத்தில் உள்ள சிறுவர் விளையாட்டுத் திடல்களையும் ஏறுசாதனங்களையும் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்து அறிக்கை தர ஆள் தேவை.

இதைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆய்வாளர்கள் டேப்லெட்டில் நிரப்புகிற படிவங்களைச் செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. லிஃப்ட், பாய்லர், தீயணைப்பான் என்று எதையெல்லாம் ஒருவர் சுற்றிவந்து பார்த்து டிக் அடிக்க வேண்டுமோ அதற்கெல்லாம் ஒரு செயலி வைத்திருக்கிறோம். டெண்டரில் ஜெயித்த காண்ட்ராக்டர் எங்களிடம் வருவார். அவர் கையிலிருக்கும் நாற்பது பக்க பி.டி.எஃப்.தான் எனக்கு ரெக்வயர்மெண்ட். பொறியியல் படித்த காலத்தில் சறுக்குமரத்துக்கு ஸ்பெக் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ராணுவத் தளம் என்றதும் முள்வேலியும் டாங்கியும்தான் நமக்கு மனதில் வரும். வேலியைத் தாண்டிப் போனால் அது ஒரு ஊர். வீடுகள், பள்ளி, மளிகைக்கடை, தேவாலயம், சாயங்காலம் சைக்கிள் ஓட்டும் பொடிசுகள். குழந்தைகள் இருக்கிற இடத்தில் ஊஞ்சல் இருக்கும். ஆனால் எல்லா ஊஞ்சலும் ஒருவருக்குச் சொந்தமில்லை. காப்பகத்துக்குள் இருப்பது குழந்தைகள் சேவைப் பிரிவுக்கு. 1989-இல் வந்த ராணுவக் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே ஆய்வுக்கு மேல் ஆய்வு. பொதுப் பூங்காவில் இருப்பது வீரர்களின் நலனையும் பொழுதுபோக்கையும் கவனிக்கும் பிரிவுக்கு. குடியிருப்புப் பகுதியில் இருப்பது பெரும்பாலும் ராணுவத்துக்கே சொந்தமில்லை. 1996-இல் தொடங்கிய தனியார்மயத் திட்டத்தில் வீடுகளோடு சேர்ந்து நீண்டகாலக் குத்தகைக்குத் தனியார் நிறுவனங்களிடம் போய்விட்டது. வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. ஏழு வயதுப் பையனுக்கு நிச்சயம் தெரியாது.

டெண்டர் ஆவணத்துக்கு ஒரு ராகம் உண்டு. ஒரு அடிப்படை ஆண்டு, நான்கு விருப்ப ஆண்டுகள். நிலையான விலை. பெரும்பாலும் சிறு நிறுவனங்களுக்கு மட்டும். தகுதி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு, இருப்பவர்களில் யார் குறைந்த விலை சொன்னாரோ அவருக்கு வேலை. தகுதி என்பது ஆய்வாளரிடம் சி.பி.எஸ்.ஐ. சான்றிதழ் இருப்பது, தேசியப் பொழுதுபோக்கு மற்றும் பூங்காச் சங்கத்தின் சான்றிதழ் வாரியம் தருவது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தரைப்படை ஒப்பந்தம் என்றால் இன்னொரு பத்தி தவறாமல் இருக்கும்: வேலைக்கு வருகிறவர் முதல்நிலைப் பயங்கரவாதத் தடுப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். சறுக்குமரத்தை டேப் வைத்து அளக்க வருகிற அறுபது வயது மனிதர், சந்தேகத்துக்குரிய பார்சலை எப்படி அடையாளம் காண்பது என்று கணினி முன் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வருவார்.

அந்த அறுபது வயது மனிதரோடு ஒருநாள் முழுக்கச் சுற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. செயலியை வெயிலில் வைத்து யாரும் சோதிக்கவில்லை என்று அவர் புகார் சொன்னதால் வந்த வாய்ப்பு. வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் என் பாஸ்போர்ட் விவரங்களை வாரக்கணக்கில் முன்பே அனுப்ப வேண்டியிருந்தது. உள்ளே போனபின் கழிப்பறைக்குக்கூட ஒருவர் கூடவே வந்தார். ஆய்வாளர் ஒரு நகராட்சிப் பூங்காத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் இருந்தவைதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துப் போட்டன.

முதலில் எடுத்தது இரண்டு பிளாஸ்டிக் அச்சுகள். ஒன்று சின்னது, செவ்வகம், மூன்றரை அங்குலத்துக்கு ஆறேகால் அங்குலம் போல இருக்கும். இன்னொன்று ஒன்பது அங்குல விட்டமுள்ள வட்டம். சின்னது ஒரு குழந்தையின் உடம்பு. பெரியது தலை. சாதனத்தில் கம்பிக்குக் கம்பி, பலகைக்குப் பலகை இருக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் முதலில் உடம்பை நுழைத்துப் பார்ப்பார். நுழையவில்லையா, சரி. நுழைந்துவிட்டால் தலையும் நுழைய வேண்டும். உடம்பு போய்த் தலை போகாத இடைவெளிதான் ஆபத்து. குழந்தைகள் பல நேரம் காலை முதலில் விட்டு நுழைவார்கள். இடுப்பு போகும், நெஞ்சு போகும், தலை மாட்டிக்கொள்ளும், கீழே கால் ஊன்ற இடம் இருக்காது. அதனால்தான் மூன்றரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே எதுவும் இருக்கக்கூடாது என்று விதி. ஐரோப்பியத் தரநிலையில் இதே அளவு மில்லிமீட்டரில் இருக்கிறது, 89-உம் 230-உம். தலைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே.

"இது பெரியவங்க மண்டையில ஏறவே ஏறாது," என்றார் அவர். "பார்க்கிறப்போ இவ்வளவு பெரிய சந்து, எப்படி மாட்டும்னுதான் தோணும். அஞ்சு அங்குலச் சந்தைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும். கேட்டைக் காக்கிற பையனுக்குக் கலக்காது."

நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணையம் 1981-இலிருந்து வெளியிட்டு வரும் கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அந்த நாட்டில் ஆண்டுக்கு 2,00,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் விளையாட்டுத் திடல் காயங்களோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள் என்று அதில் போட்டிருக்கிறது. மரணங்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவில் பாதிக்கும் மேல் கழுத்து இறுகி நடந்தவை: கயிறு, சட்டைத் தொப்பியின் நாடா, துருத்திக்கொண்டிருக்கும் ஒரு போல்ட். பெட்டியில் இருந்த அடுத்த கருவிகள் அந்த போல்ட்டுகளை அளக்கும் வளையங்கள். ஆனால் ஒப்பந்தம் கேட்பது கையேட்டை மட்டுமில்லை, ஏ.எஸ்.டி.எம். எஃப் 1487, எஃப் 1292 என்ற தரநிலைகளையும். அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு திருத்தப் பதிப்புக்கும் தனிக் காசு. குறைந்த விலை சொல்லி ஜெயித்த காண்ட்ராக்டர் எந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எஃப் 1292 தரையைப் பற்றியது. முக்காலியில் கட்டித் தொங்கவிட்ட அரைக்கோள உலோகத் தலை, எடை 4.6 கிலோ, உள்ளே முடுக்கமானி. ஏறுசாதனத்தின் உயரத்திலிருந்து அதை மூன்று முறை ஒரே இடத்தில் போட வேண்டும். முதல் முறையை விட்டுவிட்டுக் கடைசி இரண்டின் சராசரி. இரண்டு எண்கள் வரும். ஒன்று, மோதும்போது எத்தனை 'ஜி', 200-ஐத் தாண்டக்கூடாது. மற்றது ஹெச்.ஐ.சி. எனப்படும் தலைக்காய அளவுகோல், 1000-ஐத் தாண்டக்கூடாது. இந்த இரண்டாவது எண் கார் விபத்து ஆராய்ச்சியிலிருந்து வந்தது. முடுக்கத்தின் சராசரியை இரண்டரை மடியாக்கி நேரத்தால் பெருக்குவது. குறைந்த நேரத்துக்கு வரும் பெரிய அடி, நீண்ட நேரத்துக்கு வரும் சின்ன அடியைவிடப் பல மடங்கு கெடுதல் என்பதைக் கணக்கில் கொண்டுவருகிற தந்திரம். அந்த 1000 எதைக் குறிக்கிறது என்று தேடிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வளர்ந்த ஆண் ஒருவனுக்கு உயிருக்கு ஆபத்தான தலைக்காயம் ஏற்பட சுமார் 18 சதவீத வாய்ப்பு. அதுவரை பாஸ்.

அந்த எண்ணைத் தரைக்குக் கொண்டுவருவது மரச்சில்லு. ஒன்பது அங்குல ஆழத்துக்கு நன்றாக அமுங்கிய மரச்சில்லு இருந்தால் பத்தடி உயர விழுகைவரை தாங்கும். அதே ஆழத்துக்கு மணல் என்றால் நாலடிதான். ஆனால் மரச்சில்லு ஒரு இடத்தில் நிற்காது. ஊஞ்சலுக்குக் கீழேயும் சறுக்கி இறங்குகிற இடத்திலும் கால்கள் தள்ளித்தள்ளிக் குழியாகிவிடும். அதாவது, அதிகம் விழுகிற இடத்தில்தான் குறைவாக இருக்கும். ஆய்வாளர் ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்துச் சொல்வார், நான் டேப்லெட்டில் தட்டுவேன். ஏழு. ஆறு. மூன்று. ஆய்வு முடிந்து அவர் அரைமணி நேரம் மண்வாரியை எடுத்து இழுத்துவிட்டால் தீர்ந்துபோகிற விஷயம். மண்வாரி இழுப்பது ஒப்பந்தத்தில் இல்லை. அதற்கு வேறு ஒப்பந்தம், வேறு காண்ட்ராக்டர், வேறு பட்ஜெட்.

காலைவெயில் ஏறியபோது நாங்கள் நின்றிருந்த திடலுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் வீரர்கள் பயிற்சி எடுக்கும் தடைதாண்டும் களம். கயிறு, மரச்சுவர், நாற்பதடிக் கோபுரம். இருபது வயதுப் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஏறினார்கள். இந்தப் பக்கம் ஆறடி உயர வலையை நாங்கள் அச்சு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கமும் தாள் உண்டு: டி.டி. 2977 என்ற படிவத்தில் அதிகாரி ஒருவர் அபாயங்களை எழுதி, குறைக்கும் வழியை எழுதி, மிச்ச அபாயத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுவார். சட்டமும் சாலையின் நடுவே பிரிகிறது. அந்தப் பக்கம் பயிற்சியில் விழுந்து முதுகு உடைந்த வீரர் அரசின் மீது வழக்குப் போட முடியாது; 1950-இல் ஃபெரெஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. இந்தப் பக்கம் விழுகிற அவருடைய மகள் சார்பில் போடலாம், 1946-இன் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால். ஆனால் தவறு ஒப்பந்தக்காரருடையது என்றால் அரசு பொறுப்பில்லை என்று அதே சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆய்வை வெளியாளிடம் கொடுப்பதற்கு ஆள் பற்றாக்குறை மட்டும்தான் காரணமா என்று அப்போது தோன்றியது. அவரிடம் கேட்டேன். "நான் அளக்கிறவன்பா," என்று அடுத்த இடைவெளிக்குப் போய்விட்டார்.

மதியம் பதினொன்றாவது திடலிலிருந்து பன்னிரண்டாவதுக்குப் போகும் வழியில் அவர் வண்டியை நிறுத்தினார். வீடுகளுக்கு நடுவே ஒரு புல்வெளி. அதில் ஒரு ஏறுகூண்டு, கவிழ்த்துப்போட்ட பஞ்சாரம் மாதிரி, முக்கோணம் முக்கோணமாகக் கம்பிகள். ஏழெட்டுக் குழந்தைகள் அதன்மேல் இருந்தார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது லிஸ்ட்ல இருக்கா?"

டேப்லெட்டில் தேடினேன். இணைப்பு 2 என்பதுதான் பட்டியல். ஒவ்வொரு திடலுக்கும் ஒரு எண், ஒரு விலை. இந்த இடத்துக்கு எண் இல்லை.

"மேல இருந்து இரண்டாவது வளையம், அந்தச் சிவப்புச் சட்டைப் பொண்ணு பக்கத்துல பாரு. இணைப்புல போல்ட் இல்ல. அவ கை வைக்கிறப்போ கம்பி அசையுது."

நான் இருபது நொடி பார்த்தும் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, தெரிந்தபின் வேறெதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசுக்கு யாராவது தானாக முன்வந்து வேலை செய்துகொடுத்தால், அரசு அதிகாரி அதை ஏற்றுக்கொள்ளக்கூடாது. 1884-இலிருந்து இருக்கிறது. இன்றைக்குச் சும்மா செய்துவிட்டு நாளைக்குக் காசு கேட்டு வந்து நிற்பார்கள், பாராளுமன்றம் ஒதுக்காத பணத்தைக் கொடுக்க வேண்டிவரும் என்ற பயம். நியாயமான பயம்தான். மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தான அவசரநிலைக்கு விலக்கு உண்டு. ஒரு போல்ட் இல்லாதது அவசரநிலையா? அதுவும் இது அரசின் கூண்டுகூட இல்லை, குத்தகைக்காரருடையது. அளந்து எழுதினால் அவர் எழுதிய அறிக்கையாகிவிடும். பிறகு அந்தத் திடலில் அவர் பார்க்காமல் விட்ட எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். அவருடைய காப்பீடு இணைப்பு 2-க்கு மட்டும்தான். காண்ட்ராக்டரின் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்களாம்: பட்டியலில் இல்லாததைப் பார்க்காதே.

அவர் இறங்கினார். கூண்டைத் தொடவில்லை. பிள்ளைகளிடம் நடந்துபோய், "கொஞ்ச நேரம் அந்த ஊஞ்சலுக்குப் போறீங்களா?" என்று கேட்டார். சிவப்புச் சட்டைப் பெண் ஏன் என்றாள். "இதுக்கு ஒரு பல்லு விழுந்திருக்கு." அவள் தன் முன்பல் ஓட்டையைக் காட்டிச் சிரித்துவிட்டு இறங்கிவிட்டாள். பிறகு அரசுத் தரப்பில் ஒப்பந்தத்தை மேற்பார்க்கும் பெண்மணிக்கு ஃபோன் போட்டார். நடைமுறை தெரிந்த இருவரின் உரையாடல், ஒரு நிமிடம்கூட இல்லை. அது எங்களுடையது இல்லையே என்று அவர் சொன்னதும், தெரியும், நான் எழுதப்போவதில்லை, உங்கள் காதில் போட்டேன் என்று இவர் சொன்னதும் கேட்டது. அவராலும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது; அந்த அதிகாரம் ஒப்பந்த அதிகாரி என்ற இன்னொருவருக்கு. அறிக்கையில் அந்த ஃபோன் அழைப்புக்கு இடமில்லை. செயலியில் அதற்கான கட்டம் இல்லை என்பதை அந்தக் கட்டங்களைச் செய்தவன் என்ற முறையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

பட்டியலில் இருந்த திடல்களின் கதை வேறு. நான்காம் எண் திடலில் மேடைக்கும் ஏணிக்கும் நடுவே ஐந்தேகால் அங்குலச் சந்து. முதல் நிலை அபாயம், அன்றைக்கே சொல்லியாக வேண்டிய வகை. சொன்னார், உடனே ஆள் வந்து ப்ளைவுட் அடித்து மூடினார்கள், பணி முடிந்தது என்று குறிக்கப்பட்டது. பழைய அறிக்கைகளை அலுவலகத்தில் புரட்டியபோது அதே சந்து, அதே எண், அதே ப்ளைவுட் கதை முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இருந்தது. மழையில் பலகை உப்பி விழுந்துவிடுகிறது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று, உதிரி கிடைக்காது. முழுச் சாதனத்தையும் மாற்ற வேண்டும். அதற்கு நிதி கேட்டு, வரிசையில் நின்று.

எனக்கு மூத்தவர் ஒருவர் அலுவலகத்தில் உண்டு, திண்டுக்கல்காரர். அவரிடம் போனேன்.

"அண்ணே, போன வருஷ ஃபோட்டோவையும் பக்கத்துலயே காட்டிட்டா என்ன? 'மூணாவது வருஷம்'னு சிவப்புல வரட்டும். ஒரு நாள் வேலைதான்."

"பண்ணலாம்டா. கேட்டது யாரு?"

"யாரும் கேக்கல."

"அப்ப காண்ட்ராக்டர்கிட்ட காட்டிட்டுப் பண்ணு. நீயா ரிலீஸ் பண்ணிடாத."

காட்டினோம். வீடியோ அழைப்பில் அவர்கள் மூன்று பேர், நாங்கள் இரண்டு பேர். ஃபோட்டோ அழகாக இருக்கிறது என்றார்கள். அறிக்கையின் வடிவம் ஒப்பந்தத்தில் இணைப்பு 4-ஆக இருக்கிறது, அதில் இந்தப் பத்தி இல்லை என்றார்கள். அதிகம் பேசாமலிருந்த ஒருவர் கடைசியில் சொன்னார்: மூன்று ஆண்டாகத் தெரியும் என்று நம் கையாலேயே அச்சடித்துக் கொடுத்தால், நாளைக்கு நீதிமன்றத்தில் முதல் காகிதம் அதுதான், அரசுத் தரப்பில் யாரும் அதை வாங்க விரும்ப மாட்டார்கள், வாங்கவில்லை என்றால் நமக்குப் பணம் வராது. பணம் வருவதைப் பற்றி மட்டும் குறை சொல்ல முடியாது. அறிக்கையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து சாதாரணமாக முப்பது நாளில் வந்துவிடும். அதற்குத் தனிச்சட்டம் இருக்கிறது, தாமதமானால் அரசு வட்டி கொடுக்க வேண்டும். சந்தை அடைப்பதற்கு அப்படியொரு கெடு எந்தச் சட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

அவர்களை வில்லன்களாக எழுதிவிட்டுப் போவது எளிது. அவர்கள் விற்கிற பொருள் ஒரு அறிக்கை. அரசு வாங்குகிற பொருளும் அதுதான். அதில் இல்லாததைச் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த முறை இன்னொருவர் இருபது டாலர் குறைத்துக் கேட்டு எடுத்துப் போய்விடுவார். ஆனாலும் அந்தச் சிவப்பு எழுத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. ஒரு ஸ்விட்சுக்குப் பின்னால் அணைந்து கிடக்கிறது.

ஆய்வாளரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. தன்னுடைய வழி ஒன்று வைத்திருந்தார். குறிப்பு என்ற கட்டத்தில், எத்தனை எழுத்து வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நான் விட்டுவைத்த இடத்தில், ஒவ்வொரு ஆண்டும் ஒரே வாக்கியத்தை எழுதுகிறார்: முந்தைய அறிக்கையைப் பார்க்கவும். அதில் குற்றச்சாட்டு இல்லை, எண்ணிக்கை இல்லை, யாரும் அடிக்கச் சொல்ல முடியாது. பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு அவர் தனியாகத்தான் போனார். சாயங்காலம் எனக்கு இரண்டு படங்கள் அனுப்பினார். முதலாவது அந்தப் பஞ்சாரக் கூண்டு: இரண்டாவது வளையத்தில் ஒரே ஒரு போல்ட் மட்டும் புதுசாகப் பளபளத்தது, சுற்றியிருந்தவை எல்லாம் பழுப்பு. இரண்டாவது படத்தில் மரச்சில்லு பரப்பிய செவ்வக நிலம், ஓரத்தில் மரச்சட்டம், நடுவே ஒன்றுமில்லை. நான்காம் எண் திடல். மாற்றுவதற்கான நிதி வரவில்லை, அகற்றுவதற்கான நிதி வந்திருக்கிறது. கீழே ஒரு கேள்வி: இணைப்பு 2-இல் இன்னும் பெயர் இருக்கிறது, ஆனால் சாதனம் இல்லை, செயலி 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' கேட்டு அடுத்த பக்கத்துக்குப் போகவிடமாட்டேன் என்கிறது, என்ன போடட்டும்?

'பொருந்தாது' என்று ஒரு தெரிவைச் சேர்த்து, புதிய பதிப்பை அன்றிரவே அனுப்பிவைத்தேன். காலையில் பார்த்தபோது அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். குறிப்பு என்ற கட்டத்தில் வழக்கமான அதே வாக்கியம் இருந்தது.